கீழிருந்து மூன்றாவது, இடது ஓரம்

குத்தாய்சி நகரில் என்னைக் கூப்பிடுகிறவர்கள்
கணினி ஓடவில்லை என்று கூப்பிடுவதில்லை.
ஓடுகிறது,
ஆனால் இந்த ஒரு விசை உயிரை வாங்குகிறது,
வந்து பிடுங்கிவிட்டுப் போ என்பார்கள்.

மருந்துக்கடை சியாலாவுக்கு இன்செர்ட்.
நடுவில் ஓர் எழுத்தைச் சேர்க்கப் போனால்
அடுத்திருப்பதைத் தின்றுகொண்டே போகும்.
இருமல் மருந்தின் பெயர் முழுதும் போய்
விலை மட்டும் மிச்சம்.

கல்லறைக் கல் செதுக்கும் அம்பெர்க்கிக்கு
அழிக்கும் விசையின் தோளை இடித்து நிற்கும் பவர்.
பிறந்த ஆண்டை அடித்துவிட்டு
இறந்த ஆண்டுக்குப் போகும் வழியில்
கை தவறி
திரை அணைந்துவிடுகிறது.
நல்லதுதானே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிடுங்குவதில் வித்தை ஒன்றுமில்லை.
வெண்ணெய்க் கத்தி, ஒரு நெம்பு,
டக்.
அடியில் ஒரு ரப்பர் மொட்டு இருக்கும்.
அது சாகாது.
விரல் பட்டால் அசையாது,
பென்சில் முனையால் குத்தினால் விழித்துக்கொள்ளும்.
இதை எல்லோரிடமும் சொல்லிவிடுவேன், தொழில் தர்மம்.
யாரும் காதில் வாங்குவதில்லை.

குடிநீர் அலுவலகத்தில் நாசிப்ரோலா.
இரவு முறை.
உடைந்த குழாய்களின் புகார்களைத் தட்டெழுதுகிறவள்.
கேப்ஸ் லாக்கைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

எங்கள் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது.
அரசன் பெயருக்கும் ஆட்டின் பெயருக்கும்
ஒரே உயரம்.
பிறகு எதற்கு இந்தப் பூட்டு?
வெளியூரில் செய்த மேசையோடு
கூடவே வந்துவிட்ட சாவியில்லாத இழுப்பறை.
சும்மா கிடந்தாலும் பரவாயில்லை.
ஒரு விசைக்கு இரண்டு எழுத்து குடியிருக்கும் ஊர் இது.
பூட்டு விழுந்தால்
கீழ்வீட்டுக்காரன் உள்ளே போய்
மாடிக்காரன் வாசலில் வந்து நிற்பான்.
ர என்று அடித்தால்
தொண்டையை உரசிக்கொண்டு ஒரு க.

நவம்பரில் ஒரு நாள்
அவர்கள் கிடங்கில் பழைய வயர்களோடு
நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
ரொட்டி வாங்கக் கிளம்பியவள்
மேல்மாடியிலிருந்து கேட்டிருக்கிறாள்:
ராமே கின்டா?
ஏதாவது வேணுமா?

என் திரையில் வந்தது
காமே கின்டா.
இரவு வேணுமா?

எந்த வயர் எந்தக் கையில் இருந்தது
என்பது மறந்துபோனது.
வெகுநேரம் யோசித்து எழுதினேன்:
வேண்டாம், ரொட்டி போதும்.

நாற்பத்தாறு வயதில்
ஒருவன் இப்படித்தான் பதில் எழுதுவான்.

திரும்பி வந்து படித்தாள்.
காது மடல் வரை சிவந்துவிட்டது.
ரொட்டியை மேசையில் போட்டுவிட்டு
முதலில் அதைப் பிடுங்கு என்றாள்.
பிடுங்கினேன்.
ரப்பர் மொட்டு, பென்சில் முனை,
வழக்கமான பாடத்தையும் ஒப்பித்தேன்.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
விசையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்,
யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிழையில்லை.
கிடங்கில் வேலை இருந்த நாளெல்லாம்
(இல்லாத நாளிலும் இருந்தது)
ஏதாவது வேணுமா என்றே வரும்.
பாலாடைக் கட்டி என்பேன்.
பேட்டரி இரண்டு என்பேன்.
ஒன்றும் வேண்டாம் என்பேன்.
சரியாக எழுதப்பட்ட ஒரு வார்த்தை
இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று
எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை.

ஜனவரி. மழை.
பலாக்வானிப் பக்கம் பெரிய குழாய் வெடித்து
தெருவெல்லாம் தண்ணீர்,
வீடுகளில் சொட்டு இல்லை.
நள்ளிரவுக்கு மேல் என் திரை மினுங்கியது.

இரவு வேணுமா?

படியேறிப் போனேன்.
தொலைபேசியைத் தோளில் இடுக்கி
தெருப் பெயர்களை யாருக்கோ
தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
என் பக்கம் திரும்பவேயில்லை.
விசைப்பலகையில் அந்தக் குழி
நான் விட்டுப்போனபடியே.
பக்கத்தில் ஒரு பென்சில்,
முனை ஒடிந்து.